ஆல்பிரட் நோர்த் வைட்ஹெட்

ஆல்பிரட் நோர்த் வைட்ஹெட் (பெப்ரவரி 15, 1861 – டிசம்பர் 30, 1947) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் மெய்யியலாளரும் ஆவார். பெர்ட்ரண்ட் ரசலுடன் இணைந்து எழுதிய பிரின்சிப்பியா மாத்தமாட்டிக்கா (1910–1913) என்னும் நூலால் பெரிதும் அறியப்படுகிறார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டுக்கு மாற்றாக 1922 ஆம் ஆண்டில் ஓர் ஈர்ப்புக் கோட்பாட்டையும் இவர் முன்வைத்தார்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் பிறந்த வைட்ஹெட், 1880 இல் கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1884 முதல் 1910 வரை அங்கேயே கணிதம் கற்பித்தார். 1914 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியரானார். இவருடைய இளைய மகன் எரிக், முதல் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றி 1918 இல் கொல்லப்பட்டார். இயற்கை அறிவின் அடிப்படைகள் பற்றி 1919 இல் எழுதிய நூலை வைட்ஹெட் அவருக்குக் காணிக்கையாக்கினார். 1924 இல், தமது 63 ஆவது வயதில், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இவர் இறந்த பின்னர், இவருடைய விருப்பப்படியே கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் அழிக்கப்பட்டன.

ஈர்ப்புக் கோட்பாடு

பொதுச் சார்புக் கோட்பாட்டின்படி, பொருளின் பரம்பலைப் பொறுத்து காலவெளியின் வளைவு இடத்துக்கிடம் மாறுகிறது. அவ்வாறு மாறுமானால் நீளத்தையும் காலத்தையும் அளப்பதற்கு உறுதியான அடிப்படை இராது என வைட்ஹெட் கருதினார். எனவே, எந்தப் பொருளாலும் மாற்றமடையாத தட்டையான காலவெளியை அவர் தமது கோட்பாட்டில் வைத்துக்கொண்டார். ஈர்ப்பு அதன் மீது ஒளியின் வேகத்தில் பரவுகிறது. இவ்வாறு பிறவற்றைப் பாதித்து, தான் எதனாலும் பாதிக்கப்படாத பின்னணி, இக்கால இயற்பியலில் இயக்கமற்ற புலம் என்னும் வகையில் அடங்கும்.

சோதனைகள்

சூரியன் போன்ற ஒரு தனிப் பொருளைப் பொறுத்தவரை இரு கோட்பாடுகளும் ஒரே விடையைத் தருவதை ஆர்தர் எடிங்டன் 1924 இல் காட்டினார். இதனால் புதன் கோளின் பாதை நகர்வு, ஒளி வளைவு ஆகிய சோதனைகளால் இரண்டையும் வேறுபடுத்த இயலவில்லை.

1971 இல் கிளிஃபர்ட் வில் வேறொரு விளைவைக் கணித்தார். வைட்ஹெட்டின் கோட்பாட்டில் ஈர்ப்பின் வலிமை பால்வழியின் மையம் இருக்கும் திசையைப் பொறுத்து மாறும். ஆகவே பூமி சுழலும்போது அதன் திண்மப் பகுதியில் கூடுதலான ஓதம் தோன்ற வேண்டும். ஈர்ப்புமானி அளவீடுகளில் அத்தகைய ஓதம் காணப்படவில்லை. 2008 இல் கேரி கிப்பன்சும் வில்லும், இக்கோட்பாடு ஐந்து வெவ்வேறு சோதனைகளில் தோல்வியுறுவதை நிறுவினர். எனினும், மாறாத பின்னணியைக் கொண்ட ஈர்ப்புக் கோட்பாடுகளை எவ்வாறு சோதிப்பது என்பதற்கு இது இன்றும் முக்கியமான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.