டிராம்பேயின் சிற்பி ஹோமி பாபா: இந்திய வானொலி வானியலுக்கு வழி திறந்த வாழ்க்கை

மும்பை: செம்பூருக்கு அப்பால், குன்றுகளுக்கும் கடற்கழிக்கும் இடையே அமைந்துள்ள டிராம்பே என்றதும் அணு உலைகளே நினைவுக்கு வரும். அவ்வளாகத்தை உருவாக்கிய ஹோமி ஜஹாங்கீர் பாபாவை நாடு அணுசக்தித் திட்டத்தின் தந்தையாக அறிந்திருக்கிறது. விண்மீன்கள் பிறக்கும் இடங்களை இந்தியர்கள் தம் சொந்தக் கருவிகளால் ஆராயவும் அவரே வழி திறந்தார் என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

1909 அக்டோபர் 30-ஆம் தேதி மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்த பாபா, பொறியியல் பயில 1927-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவர் மனம் இயற்பியலை நாடியது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் துகள் மழையாகப் பெருகுவதை விளக்கும் கோட்பாட்டை 1937-இல் வால்டர் ஹைட்லருடன் இணைந்து வெளியிட்டார்.

1939-இல் விடுமுறையில் தாயகம் வந்திருந்தபோது உலகப் போர் மூண்டதால் அவர் இங்கேயே தங்க நேர்ந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில், சர் சி.வி. ராமன் இயற்பியல் துறையில் இருந்த காலத்தில், காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடர்ந்தார். திறமையுள்ள இந்தியர்கள் அயல்நாட்டிலேயே தங்கிவிடாதிருக்க வேண்டுமெனில், இங்கே தரமான ஆய்வுக்கூடங்கள் வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது. அதன் விளைவாக 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், 1954-இல் டிராம்பே அணுசக்தி ஆய்வு வளாகமும் தோன்றின. 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஆசியாவின் முதல் ஆய்வு அணு உலைகளில் ஒன்றான அப்சரா டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது.

அதே காலத்தில் உலக வானியலிலும் பெரும் மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. புதிதாகப் பிறந்த பெரும் விண்மீன்கள் வீசும் புற ஊதா ஒளி, சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. இவ்வாறு அயனியான வாயு சுமார் 10,000 டிகிரி வெப்பத்தில் ஒளிர்கிறது. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஓரியன் நெபுலா இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய பெரும் விண்மீன்களின் ஆயுள் சில மில்லியன் ஆண்டுகளே என்பதால், அயனி ஹைட்ரஜன் காணப்படும் இடத்தில் அண்மைக் காலத்தில் விண்மீன்கள் பிறந்துள்ளன என்று அறியலாம். தூசு மேகங்கள் கண்ணுறு ஒளியை மறைத்தாலும், இவ்வாயு வெளியிடும் வானொலி அலைகளை மறைப்பதில்லை.

இத்துறையில் அயல்நாட்டில் பணியாற்றியவர்களில் ஒருவர் டி.கே. மேனன். ஓரியன் நெபுலாவின் இயற்பியல் நிலைகளை வானொலி அலைகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். 1961-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் நடைபெற்ற பன்னாட்டு வானியல் ஒன்றிய மாநாட்டையொட்டி, மேனன், கோவிந்த் ஸ்வரூப், முகுல் குண்டு, டி. கிருஷ்ணன் ஆகிய நால்வரும் கலந்து பேசினர். தாயகம் திரும்பி வானொலி வானியல் குழு அமைக்க விரும்புவதாக இந்தியாவின் அறிவியல் அமைப்புகளுக்குக் கடிதம் அனுப்பினர்.

பாபா தயங்கவில்லை. நால்வரைப் பற்றியும் முன்னணி வானியலாளர்களின் கருத்தைக் கேட்டறிந்த அவர், 1962 ஜனவரியில் குழு அமைக்க முடிவு செய்துவிட்டதாகத் தந்தி அனுப்பினார். தகுதியானவரை முதலில் கண்டறிந்து, அவரைச் சுற்றித் துறையை வளர்ப்பதே அவரது வழக்கம். 1963 ஏப்ரலில் ஸ்வரூப் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். ஆஸ்திரேலியா நன்கொடையாக அளித்த 32 சிறிய கிண்ண ஆண்டெனாக்கள் மும்பைக்கு அருகே கல்யாணில் நிறுவப்பட்டு, 1965-இல் சூரிய ஆய்வு தொடங்கியது. உதகையில் பெரிய தொலைநோக்கி அமைக்கும் திட்டத்துக்கும் பாபா ஆதரவளித்தார்.

அது நிறைவேறியதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1966 ஜனவரி 24-ஆம் தேதி, வியன்னா நோக்கிப் புறப்பட்ட அவர் பயணித்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியது. அப்போது அவருக்கு வயது 56. மறு ஆண்டில் டிராம்பே வளாகம் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

நீலகிரியில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உதகை ரேடியோ தொலைநோக்கி 1970-இல் செயல்படத் தொடங்கியது. பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமையும் வகையில், சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவு அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரிந்த எலக்ட்ரான்கள் மீண்டும் அணுவில் சேரும்போது எழும் மெல்லிய வானொலிக் கோடுகளை, 1980-களில் கே.ஆர். அனந்தராமையா இக்கருவியால் பதிவு செய்தார். அடர்ந்த அயனி மண்டலங்களைச் சுற்றி, அடர்த்தி குறைந்த அயனி வாயு பரந்து சூழ்ந்திருப்பதை அவரது ஆய்வு உணர்த்தியது.

பின்னர் புணே மாவட்டத்தில் தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்களுடன் மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. அந்த ஆண்டெனாக்களைத் துல்லியமாகத் திருப்பும் இயக்க அமைப்பை உருவாக்கியவர்கள் டிராம்பே பொறியாளர்கள். நமது விண்மீன் மண்டலத்திலும் பிற விண்மீன் மண்டலங்களிலும் உள்ள அயனி ஹைட்ரஜன் பகுதிகளை அத்தொலைநோக்கி ஆராய்ந்து வருகிறது.

அயனி ஹைட்ரஜன் குறித்து பாபா ஆய்வு செய்தவர் அல்லர். ஆயினும், நான்கு இளைஞர்களின் கடிதத்துக்கு அவர் காலம் தாழ்த்தாமல் அளித்த மறுமொழி, நாட்டுக்கு ஓர் அறிவியல் துறையையே ஈட்டித் தந்தது.