தாயகம் திரும்பிய போப்

ஸ்பிரிங்வெளி சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை நாம் அறிவோம். தாயகம் எனப்பட்ட அந்த மண்ணை அவர்களுள் பலர் முன்னர் கண்டதேயில்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் பாதிரியாரின் பிற்கால வாழ்வைப் படிக்கையில் அவர்களே நம் நினைவில் எழுகின்றனர். ஆளும் இனத்தவரான போப்புக்கு வாயில்கள் திறந்திருந்தன; நம்மவர்க்கு அவ்வாறில்லை. எனினும் தாயகத்தில் அந்நியராதல் இருசாராருக்கும் பொது.

கனடாவில் 1820இல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த போப், 1839இல் தமிழகம் வந்தார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம் என நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்து திரும்புகையில் வயது அறுபதை எட்டியிருந்தது. மனைவி ஹென்றியேற்றாவை அவர் மணந்தது சென்னையில். புதல்வர் மூவர் பணிபுரிந்ததும் கீழைநாடுகளில். அக்குடும்பத்துக்குத் தாயகம் எது?

1884இல் அவர் ஒக்ஸ்போர்டில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளரானார். அங்கு அவரிடம் கற்றோர் பெரும்பாலும் இந்திய ஆட்சிப் பணிக்குச் செல்லவிருந்த இளைஞர்களே. தமிழ்நாட்டுக்குத் திரும்பும் வழியை அவர் ஏடுகளிலேயே கண்டார் எனலாம்: 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார், எண்பதாம் வயதில் திருவாசகம்.

1908இல் அவர் மறைந்தார். தம் கல்லறையில் தமிழ் மாணவன் எனப் பொறிக்கச் சொன்னார் என்ற கதையை மேடைதோறும் கேட்கிறோம். ஒக்ஸ்போர்டிலுள்ள கல்லில் அச்சொல் இல்லை. தென்னிந்தியாவுக்குரியவர் என்றே அது அவரைக் குறிக்கிறது. அதனை நாட்டியோர் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும்.