முதல் நிமிடத்தின் ஆசிரியை

குழந்தை பிறந்தவுடன் வீட்டார் கேட்பது, ஆணா பெண்ணா என்று. மருத்துவர் பார்ப்பதோ, குழந்தை மூச்சு விடுகிறதா என்று. அப்படிப் பார்க்கும் முறையை மருத்துவ மாணவர்களுக்கு வகுத்துக் கொடுத்தவர் டாக்டர் வர்ஜீனியா அப்கார் அம்மையார்.

இவர் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில் 1909-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் பிறந்தார். இவருடைய சகோதரர் ஒருவர் சிறு வயதிலேயே காசநோய்க்குப் பலியானார். 1933-இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். வகுப்பில் நான்காம் இடம். அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே இவரது ஆசை. ஆனால் அத்துறையில் பெண்ணால் பிழைக்க முடியாது என்று அஞ்சிய பேராசிரியர் ஆலன் விப்பிள், இவரை மயக்க மருந்துத் துறைக்குத் திருப்பிவிட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கோபமாக வந்தது. அம்மையாரோ அந்தத் துறையை முழுமையாகக் கற்று, 1938-இல் அப்பிரிவின் தலைவரானார். 1949-இல் அக்கல்லூரியின் முதல் பெண் பேராசிரியரானார். ஆயினும் அப்பிரிவு தனித் துறையாக உயர்ந்தபோது, தலைமைப் பதவி ஓர் ஆணுக்கே போயிற்று. நிர்வாகச் சுமை நீங்கிய அம்மையார் பிரசவ அறைக்குப் போனார்.

அக்காலத்தில் அங்கே எல்லோருடைய கண்ணும் தாயின் மேலேயே இருந்தது. நீலம் பாய்ந்து மூச்சுத் திணறும் சிசுக்கள் பலவேளைகளில் பிழைக்காதவை என்று ஒதுக்கப்பட்டன. ஒரு நாள் காலைச் சிற்றுண்டி வேளையில் மாணவர் ஒருவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படிக் கணிப்பது என்று கேட்டாராம். அம்மையார் கைக்கெட்டிய அட்டையொன்றில் ஐந்து குறிப்புகளைக் கிறுக்கிக் காட்டினார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் முகம் சுளிப்பது, உடலின் நிறம் ஆகியவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 10. பிறந்து ஒரு நிமிடத்தில் குழந்தை எழுதும் பரீட்சை என்று சொல்லலாம்! 1953-இல் இம்முறை அச்சில் வெளிவந்தது. பிரசவம் பார்த்த மருத்துவரே மதிப்பெண் போடக் கூடாது என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். தன் விடைத்தாளைத் தானே திருத்தலாமா?

மதிப்பெண் போட வேண்டுமானால் ஒருவர் குழந்தையின் அருகில் நின்று, அதை உற்றுப் பார்த்தாக வேண்டும். பார்த்தவருக்குச் சும்மா இருக்க மனம் வராது. இன்று மூச்சு விடாத குழந்தைக்கு மதிப்பெண் வரும்வரை காத்திருப்பதில்லை. உடனே துடைத்து, சூடேற்றி, மூச்சு வழியைச் சீராக்கி, முகமூடி வைத்துக் காற்றுச் செலுத்துகிறார்கள். ஒன்றாம் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும் அப்கார் எண்ணைக் குறிக்கிறார்கள்.

என் தம்பி பிறந்தவுடன் அழவில்லை. அவனுடைய சீட்டில் முதலில் 4, பிறகு 8 என்று எழுதியிருக்கிறது. அந்தச் சீட்டை அம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இடைப்பட்ட அந்த நான்கு நிமிடங்களைப் பற்றி மட்டும் அவர்கள் பேசுவதே இல்லை.

தமக்கு மிகவும் பிடித்த சைக்ளோபுரொப்பேன் என்னும் மயக்க வாயு சிசுவைச் சோர்வடையச் செய்கிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்தபோது, அம்மையார் அதைத் தயங்காமல் கைவிட்டார். எங்கே யாருக்கு மூச்சு நின்றாலும் உதவ, மூச்சுக் குழாயைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். 1959-க்குப் பின் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டு ஊர் ஊராகச் சென்று பேசினார்.

இவர் வயலின் வாசிப்பார். இசைக்கருவிகளைத் தம் கையாலேயே செய்யவும் கற்றார். மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டில் இருந்த நல்ல மேப்பிள் பலகையைத் தோழியுடன் இரவில் கழற்றி, அதற்குப் பதில் வேறொன்றைப் பொருத்திவிட்டு, அதைக் கொண்டு வயோலா செய்தாராம். (தோழியரே, இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!)

1974-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், தாம் படித்துப் பணியாற்றிய அதே மருத்துவமனையில் காலமானார். 1994-இல் அமெரிக்க அரசு இவர் உருவம் பொறித்த 20 சென்ட் தபால் தலையை வெளியிட்டது. அந்த விழாவில் குழந்தை மருத்துவர்கள் அவர் செய்த கருவிகளை எடுத்து வாசித்தார்கள்.