பதினாறு வயதில் பள்ளியை விட்டவர்



இம்பீடன்ஸ், இண்டக்டன்ஸ், கண்டக்டன்ஸ்... மின்னியல் படிக்கிற நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த வார்த்தைகளைச் சொல்கிறோம்! லேபில் ரீடிங் எடுக்கும்போதும் சரி, வைவாவில் முழிக்கும்போதும் சரி, இவை இல்லாமல் பிழைப்பே இல்லை. இந்தப் பெயர்களை 1880களில் சூட்டியவர் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு முன்னாள் தந்தி ஆபரேட்டர் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர்தான் ஆலிவர் ஹெவிசைட்.

லண்டன் கேம்டன் டவுனில் 1850 மே 18 அன்று ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. சிறு வயதில் வந்த காய்ச்சலால் காது சரியாகக் கேட்காமல் போனது. 1865ல் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வில் ஐந்தாவதாக வந்தார். ஆனால் யூக்ளிட் ஜியோமெட்ரியில் மட்டும் மார்க் ரொம்பக் குறைவு! பதினாறு வயதில் படிப்பு நின்றது. வீட்ஸ்டோன் பிரிட்ஜ் என்கிறோமே, அந்த வீட்ஸ்டோன் இவருடைய அம்மாவின் சகோதரியை மணந்தவர். 1868ல் டென்மார்க்கில் தந்தி வேலை கிடைத்தது. பிறகு நியூகாசிலில் வேலை.

1873ல் மேக்ஸ்வெல் எழுதிய மின்காந்தவியல் நூல் வெளியானது. அதைப் புரட்டிய ஹெவிசைட்டுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியில் படித்த அல்ஜீப்ராவும் டிரிகனாமெட்ரியும்தான். அதிலும் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. நம்மில் பலருடைய நிலையும் இதுதானே?

அவர் புத்தகத்தை மூடி வைக்கவில்லை. 1874ல், இருபத்து நான்கு வயதில், வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டு அறையில் உட்கார்ந்தார். அடிப்படைக் கணிதத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். கால்குலஸ், டிஃபரன்ஷியல் சமன்பாடு எல்லாம் தானாகவே கற்றார். மேக்ஸ்வெல் பிடிபட அவருக்குப் பல வருடங்கள் ஆயின.

பலன் என்ன தெரியுமா? மேக்ஸ்வெல் 1865ல் தந்த இருபது சமன்பாடுகளை 1880களின் நடுவில் வெக்டார் முறையில் நான்காகச் சுருக்கினார். இன்று மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று பாடப்புத்தகத்தில் இருப்பது ஹெவிசைட் கொடுத்த உருவம்தான். கம்பியில் இண்டக்டன்ஸைக் கூட்டினால் தொலைபேசிக் குரல் சிதையாமல் போகும் என்று 1887ல் காட்டினார். அஞ்சல் துறைப் பொறியாளர் ப்ரீஸ் அதை ஏற்கவில்லை. டிஃபரன்ஷியல் சமன்பாட்டைச் சாதாரண அல்ஜீப்ரா போலப் போட்டு விடை காணும் வழியையும் வகுத்தார். நாம் போடுகிற லாப்லாஸ் கணக்குகளுக்கு இதுவும் ஒரு முன்னோடி. முறையான நிரூபணம் இல்லை என்று 1894ல் அவருடைய கட்டுரையின் மூன்றாம் பகுதியை ராயல் சொசைட்டி திருப்பி அனுப்பியது. இத்தனைக்கும் 1891லேயே அவர் அதன் உறுப்பினர்! வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கு வானத்தில் இருக்க வேண்டும் என்று 1902ல் சொன்னார். 1920களில் அது சோதனையால் உறுதியானது.

1922ல் முதல் ஃபாரடே பதக்கம் அவருக்கே கிடைத்தது. வறுமையும் தனிமையும் கடைசி வரை விடவில்லை. 1925 பிப்ரவரி 3 அன்று டார்க்கியில் மறைந்தார்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். முதலாண்டுக் கணிதத்தைத் தாண்டிக் குதித்துத்தான் அங்கே போகிறோம். மேட்ரிக்ஸ், இண்டக்ரேஷன் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே மூன்றாம் செமஸ்டர் பாடம் ஆரம்பமாகும். நன்றாகப் படிக்கிற சீனியர்களே கணக்கில் அரியர் வைப்பது இதனால்தான். மூளை இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு படி இல்லை.

ஹெவிசைட்டுக்குப் பல வருடம் உட்கார இடமும் சாப்பாடும் இருந்தது. நமக்கு இருப்பது கடைசிப் பரீட்சைக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம். அதற்குள் சீனியரிடம் முதலாண்டுக் கணிதப் புத்தகத்தை வாங்கி, தினம் பத்துக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டிரிகனாமெட்ரி மறந்திருந்தால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையும் எடுப்போம். அதில் வெட்கம் என்ன? மேக்ஸ்வெல்லுக்கே உருவம் கொடுத்தவர் அங்கிருந்துதானே ஆரம்பித்தார்!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை