'உலகமே ஒரு கிராமம்'னு சொன்னவர்... ஆனா அது பாராட்டு இல்ல! யார் இந்த மார்ஷல் மெக்லூஹன்?

1967 ஜூன் 25. பல நாடுகளைச் செயற்கைக்கோள் மூலம் இணைத்து நேரலையாக ஒளிபரப்பான முதல் டிவி நிகழ்ச்சி அன்னைக்குத்தான் நடந்தது. பெயர் 'அவர் வேர்ல்ட்'. பீட்டில்ஸ் குழு லண்டன் ஸ்டுடியோவில் புதுப் பாட்டு ஒன்றைப் பாட, கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். கனடாவின் முறை வந்தபோது திரையில் தெரிந்தவர் பாடகர் இல்லை, நடிகர் இல்லை. டொரண்டோவில் டிவி கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பேசிய ஒரு ஆங்கில இலக்கியப் பேராசிரியர். அவர்தான் மார்ஷல் மெக்லூஹன்.

இதுல ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒளிபரப்புக்குச் சில நாள் முன்னாடி சோவியத் யூனியனும் அதன் கூட்டாளி நாடுகளும் நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டன. அந்த மாதத் தொடக்கத்தில் நடந்த அரபு - இஸ்ரேல் ஆறு நாள் போர்தான் காரணம். உலகத்தையே ஒண்ணா உட்கார வைக்கப் போட்ட பந்தியில், இலை போடும் முன்பே ஒரு பக்கம் எழுந்து போய்விட்டது!

மெக்லூஹனின் எழுத்தைச் சரியாகப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருந்திருக்காது.

இன்ஜினீயரிங் விட்டு இலக்கியம்

1911இல் கனடாவின் எட்மண்டன் நகரில் பிறந்தவர். அப்பாவின் நிலத் தொழில் நொடித்துப்போக, குடும்பம் வின்னிபெக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா இன்சூரன்ஸ் விற்றார். அம்மா எல்சி, ஊர் ஊராகப் போய் மேடையில் கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் உணர்ச்சியோடு சொல்லிக்காட்டும் கலைஞர். குரலுக்கு என்ன சக்தி இருக்குன்னு மகன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

மானிடோபா பல்கலைக்கழகத்தில் முதலில் இன்ஜினீயரிங். பிறகு இலக்கியத்துக்குத் தாவி, கேம்பிரிட்ஜ் வரை போனார். 1936இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாடம் நடத்தப் போனபோதுதான் சிக்கல். மாணவர்கள் அவரைவிடச் சில வயதுதான் சின்னவர்கள். ஆனாலும் அவர்கள் பேசுவது இவருக்குப் புரியலை, இவர் பேசுவது அவர்களுக்குப் புரியலை. அவர்கள் எதைப் பார்த்து, எதைக் கேட்டு வளர்ந்தவர்கள்னு தேடினார். விளம்பரம், காமிக்ஸ், சினிமா எல்லாத்தையும் செய்யுளைப் பிரித்து அலசுவதுபோல அலச ஆரம்பித்தார். 1951இல் வந்த அவரது முதல் புத்தகமே விளம்பரங்களைப் பற்றியதுதான்.

கிராமம் எங்கிருந்து வந்தது?

1946இல் டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே ஹெரால்ட் இன்னிஸ் என்ற பொருளாதார அறிஞர் இருந்தார். கனடாவின் ரோம வணிகத்தையும் மீன்பிடித் தொழிலையும் ஆராய்ந்தவர், கடைசிக் காலத்தில் வேறொரு கேள்விக்குப் போனார்: களிமண் பலகை, பாப்பிரஸ், காகிதம் என எழுதும் பொருள் மாறும்போது பேரரசுகளே எப்படி மாறின? மெக்லூஹன் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

1962இல் வெளியான 'தி குட்டன்பெர்க் கேலக்ஸி' புத்தகத்தில் அவர் சொன்னதைச் சுருக்கமாகப் பார்ப்போம். எழுத்து இல்லாத காலத்தில் எல்லாமே வாய்வழிச் செய்தி. ஊரே ஒண்ணா கேட்டது. அச்சு வந்ததும் மனிதன் தனியாக, மௌனமாகப் படிக்கத் தொடங்கினான். 'நான்' என்ற தனிமனித உணர்வும், ஒரே மொழியில் படிப்பவர்கள் ஒரே தேசம் என்ற எண்ணமும் அதில் வளர்ந்தன. அப்புறம் தந்தி, ரேடியோ, டிவி. மின்சாரம் தூரத்தை அழித்துவிட்டது. எங்கோ நடப்பது உடனே எல்லோர் காதிலும் விழுகிறது. ஆக, மறுபடியும் கிராமம். இந்த முறை உலக அளவில்.

இந்த 'உலக கிராமம்' என்ற சொல்லைத்தான் பிறகு கம்பெனி விளம்பரம் முதல் பள்ளிப் பேச்சுப்போட்டி வரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஏதோ அன்பும் ஒற்றுமையும் பொங்கும் இடம் மாதிரி. மெக்லூஹன் நினைத்த கிராமம் அது இல்லை. ஒருத்தர் வீட்டு விஷயத்தில் ஊரே மூக்கை நுழைக்கும், வதந்தி ஓடும், பயம் பரவும், சின்ன உரசலும் பெரிய பகையாகும். அந்தக் கிராமத்தைத்தான் அவர் சொன்னார். மக்கள் நெருங்க நெருங்க வேறுபாடும் சண்டையும் கூடும்னுதான் அவர் எதிர்பார்த்தார். 1968இல் வந்த அவரது புத்தகத் தலைப்பிலேயே உலக கிராமத்தோடு போரும் அமைதியும் சேர்ந்து நின்றன. அதிலும் போர்தான் முதல் சொல். வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாட்டாமை யார்?

அவர் மேல் விமர்சனமும் உண்டு, அது நியாயமானதும்கூட. கருவிதான் சமூகத்தை மாற்றுகிறது என்றால், கருவி யார் கையில் இருக்கு என்பது முக்கியமில்லையா? பிரிட்டிஷ் சிந்தனையாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் டிவி பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் குறையைச் சுட்டினார். அதே ஆண்டு இம்மானுவேல் வாலர்ஸ்டைன் தன் 'உலக அமைப்பு' கோட்பாட்டை முன்வைத்தார். பணமும் தொழிலும் குவியும் மைய நாடுகள், மூலப்பொருளும் மலிவான உழைப்பும் தரும் விளிம்பு நாடுகள் எனச் சமமில்லாமல்தான் உலகம் இணைந்திருக்கு என்பது அதன் சாரம்.

செய்தியிலும் அதே கதைதான். உலகச் செய்திகளில் பெரும்பகுதி சில மேற்கத்திய ஏஜென்சிகள் வழியாகவே வந்தது. இந்த ஏற்றத்தாழ்வை ஆராய யுனெஸ்கோ அமைத்த மெக்பிரைட் குழு 1980இல் அறிக்கை தந்தது. பத்திரிகையாளர் பி.ஜி.வர்கீஸ் அதில் இந்திய உறுப்பினர். கிராமம் சரி, அதில் யார் குரல் ஓங்கி ஒலிக்குது என்ற கேள்விக்கு மெக்லூஹனிடம் போதிய பதில் இல்லை.

ஆனாலும் தூரமும் நேரமும் சுருங்குவதுதான் உலகமயமாக்கலின் அடிப்படை எனப் பிற்காலத்தில் டேவிட் ஹார்வி, ஆந்தனி கிடன்ஸ் போன்றவர்கள் விரிவாகப் பேசும் முன்பே, அதைச் சாதாரண மக்கள் வாயில் புழங்கும் பேச்சாக்கியவர் இவர்தான்.

பேச்சு நின்றது

புகழின் உச்சத்தில் இருந்த 1967இலேயே மூளையில் கட்டி. நியூயார்க்கில் பல மணி நேர ஆபரேஷன். பிழைத்துவிட்டார். ஆனால் படித்த பல புத்தகங்கள் நினைவிலிருந்து போய்விட்டன. சின்னச் சத்தமும் தாங்க முடியாமல் போனது.

1977இல் வுடி ஆலனின் 'ஆனி ஹால்' படத்தில் மெக்லூஹனாகவே ஒரு காட்சியில் வந்தார். தியேட்டர் வரிசையில் நின்று தன்னைப் பற்றி அளந்துவிடும் ஒருவரிடம், என் எழுத்து உங்களுக்கு ஒண்ணுமே புரியலைன்னு நேரடியாகச் சொல்லும் காட்சி. காமெடிதான், ஆனால் அவருக்கு அதில் நடிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

1979இல் பக்கவாதம் தாக்கியது. வாழ்நாள் முழுக்கப் பேசியே சிந்தித்தவருக்குப் பேச்சு போய்விட்டது. படிக்கவும் எழுதவும் முடியவில்லை. அடுத்த ஆண்டு, டொரண்டோவில் அவர் நடத்தி வந்த ஆய்வு மையத்தையும் பல்கலைக்கழகம் மூடியது. அதே 1980 ஜூனில்தான் 24 மணி நேரமும் செய்தி சொல்லும் சிஎன்என் சேனல் அமெரிக்காவில் தொடங்கியது.

அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று, தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 69. டொரண்டோ அருகே தார்ன்ஹில்லில் உள்ள அவரது கல்லறையில், பைபிள் வாசகம் ஒன்று கம்ப்யூட்டர் திரை எழுத்து வடிவத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.