தசையின் கையிருப்பைக் கண்ட சுப்பாராவ்

நூறு மீட்டர் ஓடும் வீரனுக்குப் பத்து விநாடிகளில் அத்துணை ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உண்ட சோறு உடனே உதவாது. உள்ளிழுத்த காற்றும் அதற்குள் போதிய அளவு தசையை எட்டாது. தசை முன்பே சேர்த்து வைத்த சிறு கையிருப்புத்தான் முதலில் கைகொடுக்கிறது. அதனைக் கண்டறிந்தோருள் ஒருவர் நம் சென்னையில் பயின்ற தெலுங்கர், எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் வரலாற்றை மன்றத்து அன்பர்கள் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

அவர் 1895ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதரே அணிந்தார். பேராசிரியர் சினந்தார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

1920களின் தொடக்கத்தில், மாமனார் முதலியோர் உதவியால் கப்பலேறிப் பாஸ்டன் நகர் சேர்ந்தார். இளமனைவியை ஊரில் விட்டுச் சென்றவர் தாய்நாடு திரும்பவே இல்லை. மருத்துவமனையில் இரவுவேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, பாஸ்பரசை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். பெங்களூரில் முதுநிலை அறிவியல் பயிலும் நானும் அந்த நீலத்தைச் சோதனைக்குழாயில் கண்டிருக்கிறேன். தசைச்சாற்றில் மட்டும் அந்நிறம் தாமதமாக ஏறிற்று. அதனைக் கருவியின் பிழையென்று அவர்கள் தள்ளவில்லை, காரணத்தைத் தேடினார்கள். எளிதில் சிதையும் ஒரு பாஸ்பரஸ் பொருள் அங்கே ஒளிந்திருந்தது. அதுவே 1927இல் அவர்கள் அறிவித்த பாஸ்போகிரியேட்டின். 1929இல் ஏ.டி.பி. எனும் பொருளையும் கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் தனியே அதனைக் கண்டார்.

தசைப் புரதங்கள் சுருங்குவதற்கு ஏ.டி.பி. வேண்டும். அது குறையக் குறைய, பாஸ்போகிரியேட்டினிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மீண்டும் அதனை ஆக்கித் தருவது கிரியேட்டின் கைனேஸ் என்னும் மற்றொரு புரதம். பழக்கமின்றிக் கடுமையாக உடற்பயிற்சி செய்தால் தசை நார்கள் நலிந்து, இப்புரதம் குருதியில் கசியும். அடுத்த ஓரிரு நாட்களில் அதன் அளவு மிகும். ஆகவே குருதிச் சோதனைக்குச் செல்லும் நண்பர்கள், முதல்நாள் ஓடியதையும் எடை தூக்கியதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் இல்லாத நோயை அஞ்ச நேரும்.

இத்தனை செய்தவருக்கு ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் வழிநடத்திய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் வழங்கும் டைஎதில்கார்பமசினையும் தந்தனர். அவர்கள் அனுப்பிய அமினாப்டெரின், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதன்முறையாகச் சிறிது காலமேனும் தணிவு தந்தது.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார். நோபல் பரிசு அவரை அடையவில்லை. 1995இல் நம் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. தேர்வில் தவறிய தோழர்களே, குறைந்த மதிப்பெண்ணால் குன்றிய தோழர்களே, எதிர்பாராத நிறத்தைக் கண்டும் காரணம் தேடிய இம்மனிதரை நினைவிற் கொள்ளுங்கள்.