நுழைவுச் சீட்டு

விஞ்ஞானம் நம் போன்றோருக்கு எட்டுமா என்று, பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் என் தம்பி கேட்டு எழுதியிருந்தான். நான் மைக்கேல் பாரடேயின் வரலாற்றை எழுதி அனுப்பினேன்.

அவர் 1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த நூல்களையே படித்தார். 1812-இல் வாடிக்கையாளர் ஒருவர் தந்த சீட்டால், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். மறு ஆண்டே அங்கு உதவியாளரானார். 1831-இல் காந்தத்தினின்று மின்சாரம் பெறும் வழி கண்டார்.

அதே மண்டபத்தில், 1827 முதல் 1860 வரை, 19 முறை சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே ரசாயனத்தை விளக்கினார்.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது, பயின்ற பள்ளிக்கு ஒருமுறை செல்வோம். அங்கே சீட்டுக்குக் காத்திருப்பவன் ஒருவனாவது இருப்பான்.